நடுக்கடலில் போட்ட கடிதம்

போன வாரம் சில நாட்கள் என் மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சரக்குக் கப்பலில் வேலை. நான் அனுப்பிய செய்திகளெல்லாம் கைபேசியில் ஒற்றை டிக்கோடு நின்றன. எங்கள் படூர் வீட்டு பால்கனியிலிருந்து கடல் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அப்பாவின் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.

நாங்கள் அப்போது கோவளத்தில் இருந்தோம். அப்பாவும் கப்பலில்தான் இருந்தார், சமையல்காரராக. கரை இறங்குகிற ஊரிலிருந்தெல்லாம் கடிதம் போடுவார். ஒட்டகம், ராணி, பெயர் தெரியாத பறவை என்று அந்தந்த நாட்டு ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து அவற்றை உரித்தெடுப்பது என் உரிமை. அப்பாவின் முகத்தைவிட அந்த ஸ்டாம்புகள்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் வந்த உறையில் இந்திய ஸ்டாம்பு இருந்தது. உள்ளே, ‘நடுக்கடலிலிருந்து எழுதுகிறேன்’ என்று தொடங்கியிருந்தார் அப்பா. அன்று அம்மாவின் தம்பி சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்திருந்தார். துப்பறிவதில் தனக்கு இணையில்லை என்று நம்புகிறவர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாக்கா, நம்மூரு ஸ்டாம்பு கீது? நடுக்கடல்ல தபாலாபீசு தொறந்துட்டாங்களா? மச்சான் இங்கதான் எங்கியோ எறங்கிக்கீறாரு.”

“எறங்கினா வூட்டுக்கு வரமாட்டாரா?”

“அதான் நானும் கேக்குறேன். பம்பாயில இன்னொரு வூடு கீடு...”

“வாயக் கழுவுடா, பேமானி!”

அம்மா கத்தினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் மீன் வாங்கவில்லை, தலை பின்னிக்கொள்ளவில்லை. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. அப்பா பக்கத்தில் வந்துவிட்டார்! பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, இறங்குகிற ஒவ்வொருவரின் பெட்டியையும் பார்த்தேன். முகம் மறந்தாலும் பெட்டியை அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைப்பு.

கடைசியில் அம்மா உறையை முந்தானையில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனாள்.

“இது எந்த ஊர்ல போட்டதுன்னு பாத்து சொல்லும்மா.” உறையைக் கவுண்டரில் நீட்டினாள்.

அங்கிருந்த அம்மாள் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். “ஸ்டாம்ப பாத்தீங்களே, மேல குத்தின முத்திரைய பாக்கலியா? மொம்பாசான்னு போட்டுக்கீது. பக்கத்துல கட்டம் கட்டி இன்னொரு முத்திரை. கப்பல்லியே போட்ட லெட்டர்னு அர்த்தம். கப்பல் நம்மூருதுன்னா ஸ்டாம்பும் நம்மூருதுதான். அடுத்து எந்தத் துறைமுகத்துக்குப் போவுதோ, அங்க முத்திரை குத்துவாங்க.”

“அந்த மொம்பாசா எங்கம்மா கீது?”

“ஆப்பிரிக்காவுல.”

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தபால் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் ஓவென்று அழுதேன். வாசலில் அவள் கையை உதறினேன்.

“அப்பா அவ்ளோ தூரத்துல கீறாரு, நீ சிரிக்கிற?”

அம்மா நேரே மீன் விற்கிற இடத்துக்குப் போய் ஒரு முழு வஞ்சிரம் வாங்கினாள். “தலைய உங்க மாமனுக்குப் போடுவோம். அதுலயாவது மூள கீதான்னு பாக்கட்டும்” என்றாள். அந்த ஸ்டாம்பை மட்டும் கடைசிவரை உரிக்க விடவில்லை. எனக்கு அவள்மேல் வெகுநாள் கோபம் இருந்தது. அப்பா வராததில் மகிழ்கிற அம்மா வேறு யாருக்காவது உண்டா?

முந்தாநாள் மகன் அழைத்தான். கப்பலில் இணையக் கருவி பழுதாம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பூமியின் மறுபுறம் ஏதோ ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது.

“இவ்ளோ தூரத்துல இருக்கேன், சிரிக்கிறியேம்மா?” என்றான்.

சிரித்துக்கொண்டே, வஞ்சிரம் வாங்கப் பையை எடுத்தேன்.