பெரம்பலூரில் கேட்டால் அரியலூர், அரியலூரில் கேட்டால் பெரம்பலூர்

இதுவரை இந்த வலைப்பக்கத்தில் மனிதர்கள் ஆசைப்பட்டுப் போகும் இடங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை பெரம்பலூரும் அரியலூரும். சிரிக்காதீர்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பெண் பார்க்கப் போவதுபோல தலைக்கு டை அடித்துக்கொண்டு, ஊர் பார்க்கப் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கலா புதுக்கோட்டையில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். கண்காணிப்பாளர் பதவி உயர்வு இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் வெளியூர். இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்களோடு இருக்கும் என் மாமனாருக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். வீட்டில் நாங்கள் அதை ‘மிஷின்’ என்போம். நான் விருப்ப ஓய்வு வாங்கியவன். சமைப்பது, மாமனாரை மிஷினுக்கு அழைத்துப் போவது, இந்த வலைப்பக்கத்தில் அலட்டிக்கொள்வது ஆகியவை என் தற்போதைய பதவிகள். முதல் இரண்டில்தான் ஓரளவு நல்ல பெயர்.

இப்போது மூன்றாவது முறையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. காலியிடம் இரண்டே ஊர்களில். திங்கட்கிழமை கலந்தாய்வில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

“இந்தத் தடவ வேணாம்னு எழுதிக் குடுக்க மாட்டேன்” என்றாள் கலா. “ரிட்டையர் ஆவறதுக்குள்ள அந்தச் சீட்டுல உக்காந்து பாக்கணும். அப்பாவுக்கும் மிஷின் தவறக்கூடாது. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொல்ற ஊரு.”

கல்யாணமான நாளிலிருந்து கத்திரிக்காய்கூட நான் சொன்ன கடையில் வாங்காதவள்.

“எனக்காக யாரும் ஊர் பாக்க வேணாம் மாப்ள” என்றார் மாமனார். “எங்க போனாலும் ஊசி ஊசிதான். ஆனா அங்க காபி குடிச்சுப் பாத்துட்டு வாங்க. டாக்டர் எனக்கு அரை டம்ளர்தான் விட்டு வச்சிருக்காரு. அதாவது நல்லா இருக்கட்டும்.”

காலை ஐந்தரைக்குப் புதுக்கோட்டையில் ஏறி, திருச்சியில் பஸ் மாறினேன். திருச்சியிலிருந்து பெரம்பலூர் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். நான்குவழிச் சாலை, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாடாலூரில் சின்னவெங்காய வியாபாரி ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு பரிதாபம்.

“குடி வரப்போறீங்களா? பெரம்பலூருக்கா? நான் இந்த ஊர்க்காரன், சொல்றேன் கேளுங்க. பேசாம அரியலூர் போயிடுங்க சார்.”

“ஏன்?”

“அங்க ரயிலு இருக்கு. கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜு இருக்கு. சிமெண்ட் கம்பெனி காசு புரளுது. எங்களுக்கு என்ன இருக்கு? ரோடு. அதுலயும் சென்னை பஸ்ஸு பாதி ஊருக்குள்ள வராது. நாலு ரோட்டுல இறக்கி விட்டுட்டு ஓடிருவான்.”

சிறுவாச்சூர் வந்தது. அங்கே காளியம்மன் கோயில் நடை திங்கள், வெள்ளிதான் திறப்பார்கள். நான் போனது வியாழன். அம்மனிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் போனதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஓர் ஊரின் பொருளாதாரத்தை அளக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. நகைக்கடை, அடகுக்கடை, பரோட்டாக் கடை மூன்றையும் பார்ப்பேன். பெரம்பலூரில் மூன்றும் இருந்தன, மூன்றிலும் கூட்டம் இருந்தது. அடகுக்கடைக் கூட்டம் நகையை வைக்க வந்ததா, மீட்க வந்ததா என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக இந்த முறையை வைத்துக்கொண்டு எத்தனை ஊரைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். மற்றபடி தனியார் கல்லூரிப் பிள்ளைகள், செருப்புக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன்கள், மக்காச்சோள மூட்டை லாரிகள் என்று ஊர் சுறுசுறுப்பாகவே இருந்தது.

பாலக்கரைப் பக்கம் செல்வராசு என்ற வீட்டுத் தரகரைப் பிடித்தேன். இரண்டு அறை உள்ள கீழ்வீடு, வாடகை எட்டாயிரம். கலெக்டர் ஆபீஸ் நடக்கும் தூரம். தண்ணீர் எப்படி என்று கேட்டதற்கு, “வரும் சார்” என்றார். எப்போது என்றதற்கு, “வரும்போது வரும் சார்” என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

“ஆனா ஒண்ணு சார், புதுக்கோட்டையிலேர்ந்து வர்றீங்கன்னு சொல்றேன். எங்க ஊரும் அரியலூரும் ஒரே மாவட்டமா இருந்துச்சு. பிரிச்சாங்க. அப்பறம் சேத்தாங்க. மறுபடி பிரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நல்ல சாமானெல்லாம் அவன் பக்கம் போயிடுச்சு. நான் தரகன், வாயத் தொறக்கக் கூடாது. அரியலூரையும் ஒரு எட்டு பாத்துருங்க.”

தன் கமிஷனையே தட்டிவிடும் தரகரை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். நர்சம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். மிஷின் இருக்கிறது. மருத்துவமனை மாற்றிக்கொள்ளப் பழைய சீட்டுகளோடு வந்து பெயர் கொடுத்தால் நாள் ஒதுக்குவார்கள். வெளியே பெஞ்சில் அப்பாவை மிஷினில் விட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்றேன். உடையார்பாளையம் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. உடையார்பாளையத்துக்காரர் அரியலூரைத் தாண்டித்தான் இங்கே வரவேண்டும். “ஏங்க, அரியலூர்ல மிஷின் இல்லையா?”

“ஏன் இல்லாம? நல்லாத்தான் பாக்குறாங்க.”

“அப்பறம்?”

“மச்சினன் வூடு இங்க இருக்கு. ஊசி எடுத்ததும் அப்பாவுக்குக் கெறக்கமா வரும். உடனே பஸ் ஏத்த முடியாது. மச்சினன் பொண்டாட்டி கஞ்சி வச்சிருக்கும், குடிச்சிட்டுப் படுத்திருந்துட்டுப் போவோம்.”

காபியும் குடித்துப் பார்த்தேன். பதினைந்து ரூபாய். பத்துக்கு ஐந்து மதிப்பெண் போடலாம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். வழியெல்லாம் பருத்தி, மக்காச்சோளம். பேரளி தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனதும் எதிரே வருவதெல்லாம் சிமெண்ட் லாரி. சாலையோர வேப்பமரங்கள் முகத்துக்குப் பவுடர் அப்பியதுபோல நின்றன. ஊருக்குள் டயர் கடை, லேத்து, உதிரிபாகக் கடைகள். நகைக்கடை, அடகுக்கடை, பரோட்டா எல்லாம் இங்கேயும் உண்டு, கூட்டமும் உண்டு. என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

மதியம் மெஸ் ஒன்றில் சாப்பிட்டேன். சாப்பாடு எண்பது ரூபாய், வத்தக்குழம்பு அருமை. புதுக்கோட்டையிலிருந்து குடிவருவதைப் பற்றிச் சொன்னதும், மெஸ் நடத்தும் அம்மா கரண்டியைக் கீழேயே வைத்துவிட்டார்.

“இங்கயா வரப்போறீங்க? துணி காயப்போட்டுப் பாருங்க, சாயங்காலம் எடுத்து உதறுனா ஒரு செவுத்துக்குப் பூசலாம். பெரம்பலூர் போங்கண்ணே. ரோடு எப்புடி இருக்கு! நெனச்ச நேரத்துக்கு சென்னைக்கு பஸ்ஸு. புள்ளைங்க படிக்க எத்தன காலேஜு! பிரிச்சாங்க பாருங்க, அப்பவே நல்லதெல்லாம் அங்கயே நின்னுபோச்சு.”

“காலையில அங்க வேற மாதிரி சொன்னாங்களேம்மா?”

“அவங்க சொல்லுவாங்க, அவங்களுக்கென்ன! மோர் ஊத்தட்டுமா?”

மருத்துவமனைக்கும் போனேன். இங்கேயும் மிஷின் இருந்தது. இங்கேயும் மரியாதையாகப் பேசினார்கள். இங்கேயும் பெயர் கொடுத்தால் நாள் தருவார்கள். இங்கே மிஷினுக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் ஊரைக் கேட்டேன். சிறுவாச்சூர். பெரம்பலூரைத் தாண்டி வந்திருக்கிறார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “மவள இங்க கட்டிக் குடுத்திருக்கேன் தம்பி.”

எங்களுக்கு இரண்டு ஊரிலும் மச்சினனும் இல்லை, கட்டிக் கொடுத்த மகளும் இல்லை. கஞ்சி வைக்க வேண்டிய ஆள் நானேதான். பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

குழப்பத்தோடு ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறினேன். எண்பது ரூபாய் என்று பேச்சு. ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை அந்தக் குறும்பு, “பெரம்பலூர்” என்றேன்.

அவ்வளவுதான். மனிதர் கண்ணாடியைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெரம்பலூரா! ஸ்டேஷனுக்கா போறீங்க? ரயிலு எப்புடி இருக்கும்னு தெரியுமா சார்? நீளமா இருக்கும். பாத்து ஏறுங்க.”

“ரெண்டு நிமிசம் நிக்கிற ரயிலுக்கு இவ்வளவு பெருமையா? எங்க நாலு ரோட்டுல ராத்திரியெல்லாம் சென்னை பஸ்ஸு நிக்கும்.”

“எங்க நிக்கிது? ஆள ரோட்டுல தள்ளிவிட்டுட்டு ஓடுறான். மெடிக்கல் காலேஜு இருக்கா உங்களுக்கு?”

“உங்களுக்கு வெள்ளச் சட்டை போட முடியுமா? மரமே பவுடர் பூசிக்கிட்டு நிக்கிது.”

“அந்தத் தூசிலதான் சார் உங்க ஊர்ல வூடு நிக்கிது! சிமெண்ட் இல்லாம எதுல கட்டுனீங்க? வெங்காயத்துலயா?”

“வெங்காயம் இல்லாம உங்க வூட்டுல சாம்பார் வப்பீங்களா?” என்று கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். என் காதெல்லாம் சூடாகியிருந்தது. பெரம்பலூரில் நான் இருந்தது அரை நாள்கூட இல்லை.

இறங்கும்போது அவர் எண்பதுக்கு நூறு கேட்டார். “பெரம்பலூர்க்காரங்களுக்கு இதான் ரேட்டு” என்றார். கொடுத்துவிட்டேன். பாவி மனிதர், சில்லறை தேடுவதுபோல நடித்துவிட்டுச் சிரித்தபடி இருபதைத் திருப்பிக் கொடுத்தார்.

பிளாட்பாரத்தில் ஒரு காபியோடு (இதற்கும் ஐந்து மதிப்பெண்தான்) உட்கார்ந்து யோசித்தபோது ஒரு விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. வெளியூர்க்காரன் கேட்டால் சொந்த ஊரைத் திட்டுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் கேட்டால் அதே ஊரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் காலையிலிருந்து நான் சேர்த்த தகவல் எல்லாம் எதற்கு உதவும்? திரும்பவும் குழப்பம். திருச்சிக்கு ரயில் ஒன்றேகால் மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தது. அதை அரியலூர்க் கணக்கில் வரவு வைத்தேன்.

மறுநாள் வெள்ளி, மாமனாருக்கு மிஷின் நாள். கலா பாதி நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரயில், சாலை, வாடகை, தூசி என்று ஒன்றையும் விடவில்லை. “ஆக மொத்தத்துல ரெண்டும் நல்ல ஊரு, ரெண்டும் வேணாம்” என்று முடித்தேன். மாமனார் கண்ணை மூடியபடியே, “காபி?” என்றார். இரண்டும் சுமார் என்றேன்.

ஆட்டோ சண்டையை மட்டும் கலா இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். சொல்லும்போதே எனக்கு மறுபடியும் காது சூடானது.

“பெரம்பலூருக்காக ஆட்டோக்காரர்கிட்ட மல்லுக்கு நின்னீங்க. அரியலூருக்காக யார்கிட்டயாவது நின்னீங்களா?”

“இல்லையே.”

“சரி. அப்பாவ வாரம் ரெண்டு நாள் கூட்டிட்டுப் போறது நீங்க. பகல் பூரா அந்த ஊர்ல இருக்கப்போறது நீங்க. உங்களுக்கு எந்த ஊர் மேல ரோசம் வருதோ அங்க போவோம்.”

நான் சொன்ன ஊர் என்று அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கே சொன்னேன்?

திங்கட்கிழமை மதியம் போன் செய்தாள். பெரம்பலூரை எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்து வந்த அம்மாள் அரியலூரைக் கேட்டு வாங்கினாராம். ஆர்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அவருக்குச் சொந்த ஊர் பெரம்பலூராம்.

“அந்தம்மாவுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு?” என்றார் மாமனார்.

இதே மாதிரி ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: பெரம்பலூருக்குக் காலையிலும் அரியலூருக்கு மதியத்திலும் போய், ரயிலில் திரும்புங்கள். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்நூறு ரூபாய் தாராளம். வெள்ளைச் சட்டை வேண்டாம். நோயாளிக்காகப் போனால் மருத்துவமனையில் நேராகக் கேளுங்கள், டீக்கடையில் கேட்காதீர்கள். சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் நோயாளி எங்கே படுப்பார், யார் கஞ்சி கொடுப்பார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் நல்ல ஊர் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் குடிவந்துவிட்டோம். செல்வராசு காட்டிய அதே கீழ்வீடு. மாமனாருக்குப் புதன், சனி என்று நாள் ஒதுக்கிவிட்டார்கள். முதல் புதன் நல்லபடியாக முடிந்தது. கஞ்சியில் உப்பு போடவில்லை என்று திட்டிவிட்டுத் தூங்கினார். உப்பை நிறுத்தியது டாக்டர், நான் இல்லை.

கலா வேலையில் சேர்ந்த அன்று மதியம் போன் செய்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. “என் மேசை டிராயர் தொறக்கல” என்றாள். என் தலைக்கு மேல் இருக்கிற ஃபேன் சத்தம் போடுகிறது, என் செக்‌ஷனில் ஒருத்தரும் பத்து மணிக்கு வருவதில்லை, நாளையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சொந்த ஊரைத் திட்டுவதுபோல மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே போனாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பைச் சின்னதாக்கினேன்.