குடித்தது, நலம்

பதினோரு வயதில் நான் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நடத்தினேன். முடிவைப் பொய்யாக எழுதி, என் சித்தப்பாவை ஏறக்குறைய மேலுலகத்துக்கே அனுப்பிவைத்தேன். பின்னாளில் எனக்கு அறிவியல் வராமல் போனதில் உலகத்துக்கு நட்டமில்லை.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. கல்யாணமாகாத சித்தப்பா திரிங்காப்பிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி லோரி ஓட்டுவார், சாப்பாடு எங்களோடு. ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கணையம் வீங்கியிருக்கிறது, எண்ணெயும் கொழுப்பும் ஆகவே ஆகாது, இன்னொரு முறை வந்தால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். அதுவரை எங்கள் லயத்தில் யாருக்கும் கணையம் என்று ஒன்று இருந்ததாகத் தகவல் இல்லை.

அம்மா அன்றோடு வாணலியைக் கவிழ்த்துவிட்டாள். ஒருவருடைய கணையத்துக்காக ஐந்து பேர் அவித்த கீரை தின்றோம்.

சித்தப்பா ஒரு கட்டு நிலவேம்பு வாங்கிவந்தார். அதன் கஷாயத்தைக் குடித்தால் எந்தக் கொழுப்பும் கணையத்தை ஒன்றும் செய்யாது என்று தாப்பாவில் யாரோ சொன்னார்களாம்.

“இதக் குடிச்சிட்டு, தீவாளிக்கு மட்டும் ரெண்டு துண்டு கறிலா, அண்ணி.”

“மொதல்ல நம்ம சேவலுக்குக் குடுங்க. அது உசுரோட இருந்தா பாக்கலாம்.”

அம்மா கேலியாகச் சொன்னதை நான் பொறுப்பாக ஏற்றுக்கொண்டேன். தீபாவளிவரை சேவலுக்குத் தினமும் கொழுப்பு, கூடவே கஷாயம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வேண்டும் என்றது பள்ளிப் புத்தகம். எங்களிடம் இருந்தது ஒரு சேவல். ரிங்லெட் ஊர்ச் சீனர் கடையிலிருந்து வறுத்த பன்றிக்கொழுப்பைச் சித்தப்பாவே கொண்டுவந்தார். சேவல் அதைக் கொத்தும்போதெல்லாம் அவர் தொண்டை ஏறி இறங்கும்.

“எப்படி டாக்டரம்மா, பேஷண்டு?” என்பார்.

கொழுப்பை விழுங்கிய பேஷண்டு கஷாயத்தை என் பள்ளிச் சீருடையில் துப்பியது. மூன்றாம் நாளிலிருந்து கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, நோட்டில் ‘குடித்தது, நலம்’ என்று எழுதலானேன். எனக்கும் பொரித்த கறி வேண்டியிருந்தது.

தீபாவளியன்று அம்மா நோட்டைப் படித்தாள். வாசலில் கொழுத்து நின்ற சேவலைப் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “ரெண்டே துண்டு,” என்று வாணலியை நிமிர்த்தினாள். சித்தப்பா ஒரு டம்ளர் கஷாயத்தைக் கடகடவென்று குடித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு எங்கே முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அலறத் தொடங்கியவரை அவருடைய லோரியிலேயே கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரர் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் அவரைப் பார்க்க என்னை அழைத்துப்போனார்கள். கட்டிலில் பாதிச் சித்தப்பாதான் மிச்சமிருந்தார். அம்மா நர்ஸிடம் பேசப் போன நேரத்தில் நோட்டை அவர் கையில் கொடுத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வளர்ந்த மனிதர் ஒருவர், சேவலின் உடல்நிலையை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார் என்று நம்புகிற வயது அது.

சித்தப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிரித்தால் வலித்தது போலும், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாதலா, மவளே. சேவல் செத்திருந்தா, அதையும் வறுக்கச் சொல்லித் தின்னுருப்பேன்.”