சிவப்பு சீற்றும் என் வாயும்

என் பேத்தி சிந்துவின் அமெரிக்கக் கார் இன்றைக்குக் கிரான்பர்னில் பழைய கார்க் கண்காட்சியில் நிற்கிறது. வெளியே கறுப்புப் பெயின்ற், உள்ளே சிவப்பு சீற்.

அவள் கோப்பி வாங்கப் போன நேரம், பரிசு கொடுக்கக் கார்களைப் பார்த்து வருகிற வெள்ளைக்காரர் வந்தார். சீற்றைத் தடவி, "இது அந்தக் காலத்துச் சீற்றா?" என்று இங்கிலீசில் கேட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் உட்காரும் கதிரைக்குப் புது உறை போடுகிற ஆள் நான்.

"நோ, நோ! ஓல் நியூ! பெயின்ற் நியூ, சீற் நியூ!" என்று, எல்லாம் புதிது என்று அடித்துச் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

சிந்து ஓடி வந்தாள். "அம்மம்மா, ஜட்ஜ் வந்தவரோ? எல்லாம் ஃபாக்டரியில போட்டதுதான், ஒண்டும் மாத்தேல்ல எண்டு சொல்லோணும். அதுக்குத்தான் பிரைஸ்."

"இன்னும் வரேல்ல, பிள்ளை."

அவள் சீற்றைத் துடைத்துவிட்டு வழி பார்த்து நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாய் இருக்கிறது.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத துணிவில்தான் இதைப் போனில் இங்கே எழுதிப் போடுகிறேன். இப்போது அந்த மனுசனைத் தேடிப் போகிறேன். "எங்கட கார் முழுக்கப் பழசு" என்று பெருமையாய்ச் சொல்ல இங்கிலீசில் என்ன சொல்லவேணும்? தெரிந்த பிள்ளைகள் கீழே கெதியாய்ப் பதில் போடுங்கோ.