ஒடீலியா அக்கா கதவில் ஒரே ஒரு கோடு

எங்கள் நியூ ஆர்லியன்ஸில் எக்ஸ் என்ற எழுத்தை யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அது தப்பு. என் மகள் அனுப்பும் செய்தியின் கடைசியில் அது முத்தம். பழைய கல்லறையில் மூன்று எக்ஸ் கிறுக்கி வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நானும் கிறுக்கிப் பார்த்தேன், ஒரு மண்ணும் நடக்கவில்லை. பெரும்புயலுக்குப் பிறகு அது வீட்டுக் கதவுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளத்தில் ஆள் தேடி வந்தவர்கள் உள்ளே நுழையும்போது ஆரஞ்சுப் பெயின்டில் ஒரு சாய்ந்த கோடு அடிப்பார்கள். வெளியே வந்ததும் அதன் குறுக்கே இன்னொரு கோடு. எக்ஸ் முழுசாகிவிட்டால், உள்ளே போனவர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு ஒடீலியா அக்காவின் கதவில் ஒரு கோடுதான் இருந்தது.

அவள் கணவர் க்ளோவிஸ் துறைமுகத்தில் வாழைத்தார் இறக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து கேட்டால் எக்ஸ் போடுவார். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் ஒரு கோட்டை மட்டும் இழுத்துவிட்டு, "மிச்சத்த நீ போடு. இனிமே என் பேர்ல பாதி ஒன்னோடது" என்று பேனாவை அவளிடம் நீட்டினாராம். அதற்குப் பிறகு எங்கே கையெழுத்து என்றாலும் இருவரும் சேர்ந்துதான் போடுவார்கள். வங்கிக்காரன் தலையில் அடித்துக்கொள்வான்.

புயல் வருகிறது என்றதும் அக்கா தன் மகள் ரெனேவுடன் ஹூஸ்டனுக்குக் கிளம்பினாள். அவர் அசையவில்லை. "தண்ணி முழங்காலத் தாண்டாதுடி, நீ போ" என்றாராம். அவள் திரும்பி வந்தபோது வெள்ளக் கறை உத்தரத்தில் இருந்தது. வீட்டுக்குள் அவர் இல்லை. உடம்பும் எங்கேயும் கிடைக்கவில்லை. தேட வந்தவர்கள் வேறு அவசரத்தில் கோட்டை முடிக்காமல் ஓடியிருப்பார்கள் என்றார் தீயணைப்புக்காரர் ஒருவர்.

"அவரு பாதி போட்டுட்டு உள்ள இருக்காரு. எனக்குத் தெரியாதா அவர் கோடு?" என்றாள் அக்கா.

வீடு முழுக்கப் புதுப்பித்தாள், கதவைத் தொடவிடவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி திங்கட்கிழமைதோறும் சிவப்பு பீன்ஸும் சோறும் இரண்டு தட்டில் வைப்பாள். நான் பேய்க்கதை சொல்கிறவள் இல்லை. ஆனால் பின்னறையிலிருந்து ஈர பூட்ஸ் நடந்துவரும் சத்தத்தை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். அவள் பாட்டுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள் ரெனே தன் கைக்குழந்தையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தக் கோடு இருக்கிற வரைக்கும் பிள்ளைய உள்ள தூக்கிட்டு வரமாட்டேம்மா."

"பேத்திய உங்கப்பா பாக்க வேணாமாடி?"

"அப்பா செத்துட்டாரு! நீ இன்னும் அவருக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்க!"

வெயிலில் குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கும் பொறுமை போய்விட்டது. "பேத்தியா, பெயின்டான்னு முடிவு பண்ணுக்கா" என்றேன்.

அக்கா உள்ளே போய் ஆரஞ்சுப் பெயின்ட் எடுத்து வந்தாள். எப்போது வாங்கி வைத்தாளோ! கதவைப் பூசி மறைக்கப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் குறுக்கே இரண்டாவது கோட்டைப் போட்டாள்.

"போயிட்டு வாங்க" என்றாள் கதவைப் பார்த்து.

ரெனே அழுதுகொண்டே உள்ளே வந்தாள். குழந்தை அக்காவின் மடியிலேயே தூங்கிப்போனது. இரண்டு நாள் அந்த வீட்டில் ஒரே சிரிப்பு.

ரெனே ஊருக்குப் போன பிறகு வந்த திங்கட்கிழமை நான் அங்கே போனேன். மேசையில் இரண்டு தட்டுகள். பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஓர் அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை, பூட்ஸ் சத்தத்தைவிட அதுதான் பயமாக இருந்தது. அக்கா வாசலில் ஈரத் துணியோடு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே வெர்னா, நீதான் பெயின்ட் வேலையெல்லாம் செய்வியே. இதுல ஒரு கோட்ட மட்டும் அழிக்க முடியுமா? என்னோடத மட்டும்."

இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"இந்த எடத்துல அவரோடதும் சேந்து போயிடும்க்கா."