அண்ணனின் ஸ்பீக்கர்களும் நான் கழுவிய எக்ஸ்ரே படமும்

அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் முடிகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்காக, அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக எழுதித் தரும்படி குடும்பத்தில் என்னைக் கேட்டார்கள். பள்ளி நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவள், அவருக்கு ஒரே தங்கை என்பதால் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தைத் திருத்தியாக வேண்டும். அண்ணனின் பழைய எக்ஸ்ரே படம் கிடைக்காததால் நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை அண்ணி தொலைத்துவிட்டார் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. அண்ணி தொலைக்கவில்லை.

அண்ணன் வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். தாத்தா காலம் வரை நம்மவர்கள் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அப்பா ஒருவருடைய வயலில் ஆயில் எஞ்சின் ஓட்டினார். எஞ்சின் தண்ணீரை எடுக்கிறதா, காற்றை இழுக்கிறதா என்று அண்ணன் நான்கு வயலுக்கு அப்பால் நின்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நம் வீட்டில் முதலில் பத்தாம் வகுப்புத் தேறியவர் அண்ணன்தான். தஞ்சாவூரில் ஐ.டி.ஐ. படித்து எலெக்ட்ரீஷியன் ஆனார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குறுவைக்குத் தண்ணீர் வராத ஒரு வருடம், மஸ்கட்டுக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில் நான் பி.காம். முடித்தேன். தஞ்சாவூரில் வீடு எழும்பியது. திருமணம் நடந்து, தரங்கம்பாடியிலிருந்து அண்ணி வந்தார்.

மஸ்கட்டில் முதலாளி வீட்டுக்கு ஒயரிங் பார்க்கப் போனபோது, இடுப்பு உயரத்துக்குப் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி பாடுவதை அண்ணன் கேட்டார். 'பாப்பா, கண்ண மூடிக்கிட்டா வாசிக்கிறவங்க யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு தெரியுது. பெட்டி ரெண்டு இருக்கறதே தெரியல' என்று எனக்குக் கடிதம் எழுதினார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

விசா புதுப்பிக்க எடுத்த நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. 'அன்ஃபிட்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஒரு பையோடும் பழுப்பு உறையில் அந்தப் படத்தோடும் அண்ணன் ஊர் திரும்பினார். இங்கிருந்த மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் காசம் வந்து தானாக ஆறிய தழும்பு, மருந்தே வேண்டாம் என்று சொன்னார். வேலை போனது போனதுதான். உங்களில் சிலர் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டீர்கள். அண்ணன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வருடங்களில் கடைகளில் சின்னச் சின்ன வெளிநாட்டு ஸ்டீரியோ செட்டுகள் வந்து குவிந்தன. பெரிய மரப்பெட்டிகளை ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பிள்ளைகளெல்லாம் அமெரிக்காவில் இருந்த ஒரு வக்கீல் வீட்டை விற்கும்போது, அங்கே ஒயர் கழற்றப் போன அண்ணன், மஸ்கட்டில் கேட்டதைப் போலவே ஒரு ஜோடியைக் கண்டார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். அவற்றை மினி லாரியிலிருந்து இறக்கும்போது சித்தி பார்த்துவிட்டார்.

"என்னடா, கல்யாண மண்டபம் எதுவும் கட்டப்போறியா?"

"இல்ல சித்தி. ஒங்க சத்தத்த இதுல போட்டா பெட்டி தாங்குமான்னு பாக்கத்தான்."

ஒரு பெட்டியின் பின்பலகையைக் கரையான் தின்றிருந்தது. இரண்டிலும், பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு விளிம்பு நம் ஊர் ஈரத்தில் பொடிந்து, விரல் பட்டதும் ஒட்டடையாக உதிர்ந்தது. நான் குடியிருந்த ஒரத்தநாட்டிலிருந்து சனிக்கிழமை தோறும் போய் உதவினேன். அண்ணன் புதுப் பலகை அறுத்துப் பொருத்தினார். பழைய கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். புது விளிம்பை, மஸ்கட்டில் கூட வேலை பார்த்த நண்பர், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

விளிம்பை ஒட்டுவதுதான் கடினமான வேலை. கூம்பின் நடுவிலுள்ள காயில், அதாவது கம்பிச் சுருள், காந்தத்தின் இடுக்கில் எந்தப் பக்கமும் உரசாமல் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கரகரக்கும். அதனால் இடுக்கில் சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளைச் செருகி, பசை காய்ந்ததும் உருவிவிட வேண்டும். எக்ஸ்ரே படத்தின் கனம் அதற்குக் கச்சிதம். ஆனால் அதிலுள்ள கறுப்பு உதிர்ந்து இடுக்கில் விழுந்துவிடும் என்பதால், கழுவி எடுத்த பிறகே வெட்ட வேண்டும்.

அந்த வாரம் அண்ணி வீட்டில் இல்லை. தன் தம்பி மனைவியின் பிரசவத்துக்காகத் தரங்கம்பாடிக்குப் போயிருந்தார். அண்ணன் பீரோவிலிருந்து பழுப்பு உறையை எடுத்து வந்தார்.

"அண்ணா, இது வேணாமா?"

"இதனாலதான ஊருக்கு வந்தேன். இதுவாவது ஒரு வேலைக்கு ஆவட்டும்."

"டாக்டர் கேட்டா?"

"ஆறிப்போச்சுன்னு அவரேதான சொன்னாரு. ஆறினத எதுக்குப் பாக்கப்போறாரு?"

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருக்கிறேன். நகல் எங்கே என்று கேட்காமல் ஒரு தாளையும் அழிக்க விடமாட்டேன் என்று அங்கே என்னைக் கிண்டல் செய்வார்கள். அன்று கேட்கவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் படத்தை முக்கி, என் கையால் தேய்த்தேன். விலா எலும்புகள் முதலில் மங்கின. பிறகு கறுப்பு முழுவதும் நீரில் கரைந்து, கண்ணாடி போன்ற தகடு மிஞ்சியது. 'எக்ஸ்ரே படம் ஒன்று கழுவியது, ஸ்பீக்கர் காயிலுக்கு. நன்றாக வந்தது' என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

காயில் உரசவில்லை. அதன் பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது என்று பார்க்கவே பல வாரங்கள் ஆயின. அண்ணன் ஒரு தவில் கேசட்டைப் போட்டு, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, "இடது பெட்டி ஒரு அங்குலம் முன்னாடி" என்பார். நான் நகர்த்தித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, சுவரிலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம், சத்தம் எப்படி என்று குறித்துக்கொள்வேன். கால் அங்குலம் வரை எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கேட்டபோது, தவில்காரர் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலவே இருந்தது. அண்ணன் கண்ணைத் திறக்காமல், "அண்ணிய கூப்பிடு" என்றார். மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

அடுத்த வருடம் இருமல் வந்தது. புதிதாக எடுத்த படத்தில், பழைய தழும்பு இருந்த அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பழைய மருத்துவர் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டிருந்தார். புது மருத்துவர் அண்ணியிடம் சொன்னார்: "பழைய படத்தக் கொண்டாங்கம்மா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, இது அப்படியே இருக்கா, வளருதான்னு இப்பவே சொல்லிடலாம்."

அண்ணி இரண்டு நாள் தேடினார். பீரோவைக் கவிழ்த்தார். அரிசி டிரம்முக்குள் கூடக் கைவிட்டுப் பார்த்தார். அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன்தான் நடந்ததைச் சொன்னார். அண்ணி, இறைத்துப் போட்ட துணிகளை மறுபடி மடிக்க உட்கார்ந்தார்.

வெட்டியது போக மீந்திருந்த தகட்டை அண்ணன் என்னிடம் நீட்டினார். "ஜன்னல்ல வச்சுப் பாரு பாப்பா. ஏதாவது தெரியுதா?"

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றில் காயும் துணி தெரிந்தது.

"ஒரு நெழலாவது?"

"இல்லண்ணா."

"சாய்ச்சுப் பாரு."

சாய்த்தும் பார்த்தேன்.

பூத்திலிருந்து மஸ்கட் நண்பருக்குப் போன் செய்தோம். அவர் விடுப்புப் போட்டுவிட்டு விசாவுக்குப் படம் எடுத்த கிளினிக்குக்குப் போய், பழையதை வைப்பதில்லையாம் என்று வருத்தத்தோடு சொன்னார். நான் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். பழைய மருத்துவர் சொன்னதை அன்றே எழுதி வைத்திருந்தேன்: 'வலது பக்கம் மேலே, ஆறிய தழும்பு.' அவர் இரண்டு முறை படித்தார். "தழும்புன்னு எழுதியிருக்கீங்க. எவ்ளோ பெருசுன்னு எழுதலியேம்மா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் கால் அங்குலம் வரை குறித்தவள் நான்.

சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் ஆறிய காசம் மறுபடி கிளம்பியிருக்கலாம் என்று மூன்று மாதம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதமும் அண்ணன் வீட்டிலேயே தங்கி, இருமல் குறைந்ததா என்று தினம் மூன்று வேளை எழுதினேன். குறைந்ததாகவே சில நாட்கள் எழுதியிருக்கிறேன். மறுபடி படம் எடுத்தபோது திட்டு இரண்டு மடங்காகியிருந்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம். புற்று, எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். மூன்று மாதம் முன்பே தெரிந்திருந்தால் என்று அங்கிருந்த மருத்துவரைக் கேட்டேன். "மூணு மாசம் கையில இருந்திருக்கும். அதுல என்ன ஆயிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். அதற்கு மேல் எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சித்தி பார்க்க வந்தார். அண்ணன் அடுத்த அறையில் படுத்திருந்தார்.

"ஒரு படத்த வச்சுக் காப்பாத்தத் தெரியலியே ஒனக்கு" என்று அண்ணியிடம் ஆரம்பித்தார்.

"வீட்ட ஒழிச்சப்ப எங்கயோ போயிடுச்சு சித்தி" என்றார் அண்ணி.

"இதோ இவகிட்டக் குடுத்திருந்தா நம்பர் போட்டு வச்சிருப்பா."

சித்தி என்னைத்தான் காட்டினார். சித்தி கிளம்பியதும் சமையல்கட்டுக்குப் போய், "அண்ணி, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னா என்ன சொல்லுவாங்க? அவனே படத்த வெட்டிக்கிட்டான்னு வந்து வந்து சொல்லுவாங்க. அது ஒங்கண்ணன் காதுல விழவா? படுத்திருக்கற மனுசன். என்னச் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ போயி அந்தக் கஞ்சிய ஆத்து."

என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நீ கழுவல பாப்பா. நான் கழுவச் சொன்னேன்" என்றார். பேசவே மூச்சு வாங்கிய நாள் அது. அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். ஆனாலும் தேய்த்த கை என்னுடையது. நான்கு நாள் கழித்து, விடிந்து அண்ணி காபியோடு வரும்போது அண்ணன் கர்த்தருக்குள் அடங்கியிருந்தார்.

அவர் இருந்தவரை நான் பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அடக்க ஆராதனையோடு அந்தக் காரணம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் ஒரு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. நம் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில், பெண்ணின் நகைப்பெட்டியை அண்ணி கையில் கொடுக்கப் போனபோது, "அவகிட்டக் குடுக்காதீங்க, எங்கயாவது வச்சிருவா" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். அண்ணியும் சிரித்தார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனின் நோயில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மஸ்கட் நண்பருக்கு, சென்னைக்கு மூன்று முறை கூடவே வந்த காயில் கடைக்காரருக்கு, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயருக்கும் சபையாருக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஊசி போட வந்த எதிர்வீட்டு நர்ஸ் அம்மாவுக்கு, வாரம் தவறாமல் மீன்குழம்பு கொண்டுவந்த சித்திக்கு. ஸ்பீக்கர்களை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாமா என்று விசாரித்தவர்களுக்கு: அவை அண்ணியுடையவை. அவர் அவற்றில் காலைச் செய்தி கேட்கிறார்.

இதை எழுதப்போவதாக அண்ணியிடம் சொன்னேன். "அவங்கள பத்தி எழுதற புஸ்தகத்துல என் பேச்சு எதுக்கு?" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நானாக எழுதியிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து பந்தியில் உட்காரும்போது அண்ணி சோறு போட்டுக்கொண்டு வருவார். அவருக்குப் பின்னால் ரசவாளியோடு நான் வருவேன். படத்தைப் பற்றி யாருக்காவது ஏதாவது கேட்க இருந்தால், அண்ணி இலையைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து, என்னிடம் கேளுங்கள்.