அறுநூறு மீட்டர்

1979ஆம் ஆண்டின் மழைக்காலத்தில்தான் அவரை முதன்முதலாகக் கண்டேன். பேருந்துப் பணிமனையின் நேர அட்டவணைப் பிரிவில் நான் தட்டச்சர். அவர் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். நனைந்த சட்டையோடு உள்ளே வந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல், கட்டம் போட்ட தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் அந்தத் தாளில் ஒரு கோடு வரைவார். கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் என்றால், ஆறுக்குப் பன்னிரண்டு, பதினெட்டுக்கு முப்பத்தாறு. தாளின் மூலையிலிருந்து கோடு வளையாமல் ஏறும். ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தப் பேருந்திலேயே மூன்று நாள் போய்வந்து கைக்கடிகாரத்தில் பார்ப்பார். சாலைதான் கெட்டிருக்கிறது, ஓட்டுநர்மீது பிழையில்லை என்று தெரிந்தால் நேரத்தைக் கூட்டித் தருவார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நிமிஷம் சார்’. வீட்டில் திட்டு வாங்குவதற்கும் அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம் என்று சிரிப்பார்கள்.

அவர் மனைவி ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் இருவரும் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை சேர்ந்து நடப்பார்கள். அறுநூறு மீட்டர், எட்டு நிமிடம். பிள்ளையில்லாத வீடு, நாளின் பேச்செல்லாம் அந்த எட்டு நிமிடத்தில்தான்.

ஒரு கோடையில் அந்த எட்டு, பத்தாயிற்று. செருப்பு கடிக்கிறது என்று அவள் நடுவழியில் நின்றாளாம். அவர் சட்டைப்பைக் குறிப்பேட்டில் தேதியிட்டுப் ‘பத்து’ என்று எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பினார்கள். பத்து, பதின்மூன்றாயிற்று. பதின்மூன்று, பதினாறாயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் புறப்படும் நேரத்தை முன்னே தள்ளினார்.

“அவளை நான் ஒரு நாள்கூட அவசரப்படுத்தினதில்லக்கா” என்று தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார். எவ்வளவு நல்ல கணவர் என்றுதான் நானும் நினைத்தேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் காலை, நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மருத்துவமனையில் நானும் உடனிருந்தேன். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று மருத்துவர் கேட்டார். இவர் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“அஞ்சு மாசமா எழுதி வெச்சிருக்கீங்க. ஒரு தடவை கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?”

அந்தக் குரலில் கடுமையில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நேரத்தைக் கூட்டிக் கொடுத்துட்டேனே, டாக்டர்” என்றார் இவர்.

இதயத்தின் வால்வு பழுதாகியிருந்தது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார்கள். நான்கு நாள்தான் உயிரோடு இருந்தாள். இரண்டாம் நாள் கண் திறந்தவள், “இங்கயே உட்கார்ந்திருந்தா உங்க பஸ்ஸெல்லாம் யாரு ஓட்டுறது?” என்று அவரைக் கேலி செய்தாள். அவர் அவள் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

பிறகும் இருபது ஆண்டுகள் அதே நாற்காலியில் வேலை பார்த்தார். நேரம் கேட்டு வரும் ஓட்டுநரிடம், தூக்கம் வருகிறதா, படியேறினால் நெஞ்சு அடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பார். புதியவர்கள், மருத்துவமனைக்கு வந்ததுபோல் இருக்கிறது என்று சிரிப்பார்கள். பழையவர்கள் அவர்களை முறைப்பார்கள்.

ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். சன்னலோரக் கட்டில். வியாழக்கிழமைதோறும் நான் போய்ப் பார்ப்பேன். கடைசி வியாழக்கிழமை பேச்சு மிகவும் தாழ்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாமென்று தலையசைத்தார். அருகில் குனிந்தேன்.

“கேட்டுலேருந்து படிக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை நின்னீங்கக்கா. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க.”