தாய்மார் ஞாயிற்றுக் கேக்

ஹெப்சிபாவுக்கு அம்மா கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம், வேலைக்காரப் பெண்கள் தாயைப் பார்க்கப் போகும் தாய்மார் ஞாயிறன்று, அவள் வேலை பார்க்கும் ஆர்மராட் அம்மாள் வீட்டுச் சமையற்காரி அவள் கையில் ஒரு கேக்கைக் கட்டிக் கொடுத்து, "உங்கம்மாவ விசாரிச்சதா சொல்லுடி" என்று அனுப்பிவைப்பாள். ஹெப்சிபா ரயிலேறி அடுத்த ஊரில் இறங்கி, கால்வாய்க்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேக்கைத் தனியாகத் தின்று தீர்ப்பாள். சாயங்காலம் திரும்பிவந்து, "அம்மா சௌக்கியம்" என்பாள்.

பொய் சொல்லவேண்டும் என்று அவள் கிளம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மற்றப் பெண்களெல்லாம் தாய்வீட்டுக்குப் போகப் பரபரத்துக்கொண்டிருந்தபோது, சமையற்காரி மாவுக் கையோடு திரும்பி, "உங்கம்மாவுக்கு உலர்ந்த திராட்ச பிடிக்குமாடி?" என்றாள். "ரொம்பப் பிடிக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இல்லாத அம்மாவுக்கு மூட்டுவலியும் வந்தது, ஒரு பூனையும் வந்தது.

உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லலாம்தான். ஆல்டர்ஃபோர்டு ஏழை விடுதியில் முடி ஒட்ட வெட்டி வளர்ந்த பெண் என்று தெரிந்தால், வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போனாலும் முதலில் அவள் பெட்டியைத்தான் திறப்பார்கள். ஊர் நியாயம் அப்படி.

மூன்று வயதில் அந்த விடுதிக்கு வந்த ஹெப்சிபாவை வளர்த்தவள் டோர்கஸ். அவளும் அநாதைதான், நாலே வயது மூத்தவள். பேன் பார்த்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தது எல்லாம் அவள்தான். தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் பாதிரியாரின் விதவை வேலைக்கு ஒரு பெண் தேடி விடுதிக்கு வந்தாள். தையலைப் பார்த்துவிட்டு நேரே டோர்கஸிடம் போய் மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். டோர்கஸ் இரண்டு கருவிழிகளையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஐயோ, இது ஒண்ணரைக் கண்ணு! பக்கத்துல நிக்கிற சின்னத அனுப்புங்க."

வண்டி கிளம்பும்போது பத்து வயது ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள். விடுதித் தலைவியிடம் வாங்கிய அறையில் டோர்கஸின் கன்னம் சிவந்திருந்தது. கண்கள் நேராக இருந்தன. அவற்றில் ஒன்றைச் சிமிட்டினாள்.

ஹெப்சிபா கடிதம் போடவில்லை. முதல் வருஷம் நேரமில்லை. இரண்டாம் வருஷம் மனசில்லை. விதவை இறந்து, அவள் எழுதிவைத்த நற்சான்றோடு ஆர்மராட் வீட்டுக்கு வந்தபோது, அந்தக் காகிதத்தில் விடுதியின் பெயரே இல்லாதது பெரிய நிம்மதியாக இருந்தது.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வருகிற கிறிஸ்துமஸிலிருந்து வீட்டு நிர்வாகமும் சாவிக்கொத்தும் அவள் கைக்கு வருவதாகப் பேச்சு. அந்த நவம்பரில் ஒருநாள் காலை தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். தையல் வேலை கேட்டு வந்து எஜமானியின் எதிரே நின்றிருந்தவள் டோர்கஸ்.

"நற்சான்று இல்லாம யாரையும் வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ஆர்மராட் அம்மாள்.

"மில்ல மூடிட்டாங்கம்மா, யார்கிட்டப் போய் வாங்குவேன்? இங்கயும் இல்லேன்னா மறுபடி விடுதிக்குத்தான் போகணும்." டோர்கஸ் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பானது. "அடியே ஹெப்சி! அம்மா, இவளையே கேளுங்க. என்னைப்பத்தி இவ சொல்லுவா."

"உனக்கு இவளத் தெரியுமா?"

ஹெப்சிபாவின் கண்முன் கேக், பூனை, மூட்டுவலி, சாவிக்கொத்து எல்லாம் வந்து நின்றன.

"தெரியாதும்மா."

டோர்கஸ் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு அந்தக் கருவிழிகள் இரண்டும் மெல்ல மூக்கு நுனிக்கு வந்து நின்றன.

"மன்னிக்கணும்மா. எனக்கு ஒண்ணரைக் கண்ணு. ஆள் மாறிப்போச்சு."

"கண்ணு சரியில்லாதவளுக்குத் தையல் வேலையா? நல்ல கூத்து! போ, போ."

கிறிஸ்துமஸுக்குச் சாவிக்கொத்து வந்தது. இடுப்பில் அது குலுங்கும்போதெல்லாம் ஹெப்சிபா அதைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். கடன்காரனுக்குப் பயந்தவள் போல வாசல் மணிக்குப் பயந்தாள். என்ன மனுஷி நான் என்று தன்னையே வெறுத்தாள். ஆனாலும் எஜமானியிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை, அதையும் மறைப்பானேன்.

மார்ச்சில் தாய்மார் ஞாயிறு வந்தது. இந்த முறை கேக்கோடு அவள் கால்வாய்க்கரை ஊரில் இறங்கவில்லை. ஆல்டர்ஃபோர்டு வரைக்கும் போய் விடுதிக் கதவைத் தட்டி, டோர்கஸைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"உறவுக்காரங்கன்னாதான் பாக்கலாம். டோர்கஸுக்கு நீங்க என்ன வேணும்?" என்றான் வாயிற்காரன்.

"தங்கச்சி. நானும் இங்க வளந்தவதான்." பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக அதைச் சொன்னாள். 

டோர்கஸ் வந்தாள். முடி ஒட்ட வெட்டியிருந்தது. துணி துவைத்துக் கைகள் வெந்து சிவந்திருந்தன.

"உன் தங்கச்சியாம், கேக் கொண்டாந்திருக்காங்க. அதிர்ஷ்டக்காரிதான் போ!" என்றான் வாயிற்காரன்.

டோர்கஸ் கேக்கைப் பார்த்தாள். இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். கடைசியில் ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாதுங்க. இந்தம்மாவ எனக்குத் தெரியாது."

அந்தக் கருவிழிகள் இப்போது மூக்கு நுனிக்குத் திரும்பிவிடாதா, விளையாட்டுத்தான் என்று சொல்லிவிடாதா என்று ஹெப்சிபா காத்துக்கொண்டு நின்றாள். அவை நேராகவே பார்த்தன.